உள்ளி மணத்தை நம்பச் சொன்னேன்

இந்த வசந்தத்தில் தமிழ்க் குடும்பங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகும் வேலையை நீங்கள் மூன்று பேரும் ஏற்றிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. பழைய ஆள் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். எப்படி நடத்துவது, எத்தனை பேரைக் கூட்டிப்போவது, எந்தப் பாதையில் ஈரம் அதிகம் என்பதையெல்லாம் அலுவலகமே சொல்லித்தரும். பூவின் பெயர் மறந்துபோனால் கைபேசி சொல்லும். நான் எழுத நினைத்தது வேறு. என் வாயிலிருந்து வந்த ஒரு வரி ஒரு பெண்மணியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திய கதை அது. இதுவரை நான் யாருக்கும் முழுவதாகச் சொன்னதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் நோர்வேயில் முதலில் இறங்கியது வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்டில். மூன்று வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றேன். அங்கே மரமே கிடையாது. கல், பாசி, கடல், அவ்வளவுதான். ஒஸ்லோவுக்கு வந்த முதல் ஏப்ரலில் இலையில்லாத மரங்களுக்குக் கீழே நிலம் முழுக்க வெள்ளையும் நீலமுமாய்ப் பூத்துக் கிடந்ததைப் பார்த்துத்தான் தாவரங்களைப் படிக்க வேண்டுமென்று எனக்குப் புத்தி வந்தது. படித்தேன். நகரசபையில் இயற்கை வழிகாட்டியாகச் சேர்ந்து, அந்த வேலையிலேயே ஓய்வும் பெற்றேன்.

நான் சொல்ல வந்தது ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது.

அதுவரை என் நடைகளெல்லாம் நோர்வேஜிய மொழியில்தான். ஒஸ்லோவின் ஓரத்தில் மோர்டென்ஸ்ருட்டில் சில தமிழ்ப் பெண்கள் சேர்ந்து, "எங்களுக்கு ஒருக்கால் தமிழிலை காட்டுங்கோ அக்கா" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முதன்முதலாக என் வேலையை என் மொழியில் செய்யப் போகிறேன். இரண்டு இரவு உட்கார்ந்து பூக்களின் பெயர்களுக்குத் தமிழ் தேடினேன். மே மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. இருபது பேருக்கு மேல் வந்தார்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர் மட்டும். ஒருத்தி ஸ்டெல்லா, நாகர்கோவில் பெண். கணவருக்குக் கணினி வேலை. இங்கே வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மற்றவர் அவளுடைய மாமியார் ரோசம்மாள். மூன்று மாதம் மகனோடு இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், கைத்தடி ஊன்றி எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

மோர்டென்ஸ்ருட்டுக்கும் பியோர்ண்டாலுக்கும் இடையிலுள்ள சரிவில் ஓர் ஓடை இறங்குகிறது. அதன் கரையில் ராம்ஸ்லோக் என்ற காட்டு உள்ளிச் செடி பாய் விரித்தாற்போல வளர்ந்து கிடக்கிறது. யாரோ ஒரு காலத்தில் தோட்டத்தில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டும். பிறகு அது தானாகவே பரவிவிட்டது. அகலமான, மிருதுவான பச்சை இலை. பிடுங்கிச் சமைக்கலாம். இங்குள்ளவர்கள் வருடந்தோறும் அதற்காகவே காட்டுக்குப் போகிறார்கள்.

"ஒரு இலையைக் கசக்கி மணந்து பாருங்கோ. உள்ளி மணக்கும்" என்றேன்.

"உள்ளியா?" என்றாள் ஸ்டெல்லா. "எங்க ஊர்ல சின்ன வெங்காயத்தத்தான் உள்ளின்னு சொல்வோம். இது பூண்டு வாசனைல்லா அடிக்குது?"

"பூண்டெண்டால் எங்களுக்குப் புல்லுப்பூண்டு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அவர்கள் பூண்டு என்பது எங்கள் உள்ளிதான் என்று அங்கேயே முடிவானது. இன்னொருவர் இதில் வறை வறுத்தால் நல்லாயிருக்கும் என்றார். தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள். "அட, அது எங்க துவரன்லா!" என்றார் ரோசம்மாள். அதோடு பேச்சு முழுக்கச் சமையலுக்குப் போய்விட்டது. நான் இருபது பேருக்கு நடுவில், வாழ்நாளில் ஒருநாளும் இல்லாத சந்தோஷத்தில் நின்றேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்த வரியைச் சொன்னேன்: "பயப்பிடாதேங்கோ. உள்ளி மணந்தால் அதுதான். பிழை வராது."

மழை தூறத் தொடங்கியது. என் தொலைபேசி எண்ணை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நடையை முடித்தேன்.

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரு பூவைப் பற்றி. லில்யெகொன்வால். வசந்தம் முடியும்போது காட்டில் பூக்கும். வளைந்த காம்பின் ஒரே பக்கத்தில் சிறுசிறு வெள்ளை மணிகள் தொங்கும். வாசனைக்குப் பெயர் போனது. மணப்பெண்ணின் கையில் கொடுப்பார்கள். இலை, தண்டு, பூ, பிறகு வரும் சிவப்புப் பழம் எல்லாவற்றிலும் இதயத்தைப் பிடிக்கும் நஞ்சு உண்டு. பூ வைத்த குவளைத் தண்ணீரைக்கூடக் குடிக்கக் கூடாது. பூப்பதற்கு முன் அதன் இலை ராம்ஸ்லோக் இலையைப் போலவே இருக்கும். அகலம், நீளம், பச்சை எல்லாம் ஒன்றுதான். இதெல்லாம் எனக்கு நித்திரையிலும் தெரிந்த சங்கதி. அதே சரிவில், ஓடையிலிருந்து சற்று மேலே, காய்ந்த நிலத்தில் லில்யெகொன்வால் இருப்பதும் எனக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை என்னையே கேட்டேன். அன்று அது வந்தவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. அதன் முளைகள் அப்போதுதான் சருகைக் குத்திக்கொண்டு, சுருட்டிய கடதாசி மாதிரி ஒரு விரல் உயரத்தில் நின்றன. காட்ட இலை இல்லை, மழையும் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிச் சொல்லி நல்ல மனநிலையைக் கெடுப்பானேன் என்று எங்கோ ஓரத்தில் நினைத்திருப்பேன் போல.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மணி இருக்கும். வேலை முடிந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது.

"அக்கா, நான் ஸ்டெல்லா பேசுறேன். ஒரு சின்ன டவுட். நேத்து நான் தனியா போய் அந்த இலை பறிச்சிட்டு வந்தேன். இன்னைக்கு மதியம் துவரன் வச்சோம். கொஞ்சம் கசந்துச்சு. அது அப்படித்தான் இருக்குமா?"

ராம்ஸ்லோக் கசக்காது.

மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். "எத்தினை மணிக்குச் சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒரு மணி இருக்கும். எனக்குக் கொஞ்சம் குமட்டுது. தேங்காய் பழசான்னு நினைச்சேன்."

"ஆர் ஆர் சாப்பிட்டது?"

"நானும் அத்தையும். அவர் பெர்கன் போயிருக்காரு. நான் கொஞ்சந்தான் எடுத்தேன். அத்தைக்குப் பிடிச்சிருந்துச்சு, ரெண்டு வாட்டி போட்டுக்கிட்டாங்க."

"மிச்ச இலை இருக்கோ?"

குளிர்பெட்டியில் ஒரு பையில் இருந்தது. மேசையில் கொட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. மங்கலான படம், பச்சைக் குவியல். இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து இன்னொரு படம் கேட்டேன். அதில் ஒரு மூலையில், இரண்டு இலைகள் ஒரே தண்டிலிருந்து, ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்த மாதிரி நின்றன. ராம்ஸ்லோக்கில் ஒவ்வோர் இலைக்கும் தனிக்காம்பு. நிலத்திலிருந்தே தனித்தனியாக வரும். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தில் அதேபோல இன்னொன்று.

அந்த நேரத்தில் மனிதருக்கு மனம் எப்படியெல்லாம் ஓடும் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். முதலில் நினைத்தது, படம் தெளிவில்லை, அவசரப்பட்டு அந்தப் பிள்ளையைப் பயமுறுத்துவானேன், நேரே போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று. தொடருந்தில் ஏறினால் அரைமணி நேரத்தில் அங்கே நிற்பேன். நியாயமான யோசனை போலத்தான் இருந்தது. இன்று யோசித்தால், அந்த அரைமணி நேரம் எனக்கு ஒளிந்துகொள்ளத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

போகவில்லை. கைபேசியில் ஸ்டெல்லாவை வைத்துக்கொண்டு, மேசைத் தொலைபேசியில் நஞ்சுத் தகவல் மையத்தின் எண்ணைச் சுழற்றினேன். ஒரு காதில் தமிழ், மறு காதில் நோர்வேஜிய மொழி.

எடுத்தவர் ஒரு பெண். பெயர் சொன்னாரா என்று நினைவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது. நான் மூச்சுவிடாமல் கொட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் அமைதியாகச் சொன்னார்: "நீங்கள் தாவரங்கள் தெரிந்தவர் என்று சொன்னீர்கள். அப்படியானால் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்தது எது? நீங்கள் பயப்படுவது எது?"

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"பையில் மிஞ்சியதில் குறைந்தது இரண்டு முளை லில்யெகொன்வால். அது நிச்சயம். சட்டியில் எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியாது. சாப்பாடு கசந்திருக்கிறது. அதனால் போயிருக்கும் என்று பயப்படுகிறேன்."

"நல்லது. இதை வைத்து வேலை செய்யலாம்" என்றார். "வயது? வேறு நோய் உண்டா? தினசரி மாத்திரை ஏதும்?"

ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அத்தைக்கு இதயத்துக்கு ஏதோ மாத்திரை உண்டென்றாள். மாத்திரைத் தாளை எடுத்து வந்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். நாலாவது எழுத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. டிஜாக்சின். அந்தப் பூவின் நஞ்சு எந்த வகையோ, ஏறக்குறைய அதே வகை மருந்து. அதைத் தினமும் விழுங்கும் ஒரு இதயத்தின்மேல், என் பேச்சைக் கேட்டு ஒரு தட்டுத் துவரன்.

அதைச் சொன்னதும் மறுமுனையில் இருந்த பெண்ணின் குரல் மாறவில்லை. வேகம் மட்டும் மாறியது. "அவருக்கு ஏதாவது செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதே ஆம்புலன்ஸ். நான் அவர்களுக்குச் சொல்கிறேன். முகவரி சொல்லுங்கள். மருமகளும் கூடவே போகட்டும். மிச்ச இலையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். யாரும் நடந்து திரிய வேண்டாம்."

அதைத் தமிழில் சொன்னபோது ஸ்டெல்லா அழத் தொடங்கிவிட்டாள். "அக்கா, போலீஸ் வருமா? நான் வேணும்னு செய்யல அக்கா." இல்லை பிள்ளை, ஒருவரும் உங்களைப் பிழை சொல்ல மாட்டினம் என்றேன். அதற்குள் பின்னாலிருந்து ரோசம்மாளின் குரல்.

"ஆம்புலன்ஸா? எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாதான் இருக்கேன். வந்த எடத்துல எம்மவனுக்குக் கெட்ட பேரு வாங்கித் தராதீங்க. போன வை."

"ஆம்புலன்ஸ் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன்னு சொல்றாங்க அக்கா" என்றாள் ஸ்டெல்லா.

"அவவிட்டைப் போனைக் குடுங்கோ."

ரோசம்மாள் இளவயதிலிருந்து ஓய்வு பெறும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். நடையின்போது என்னிடம் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார். போனை வாங்கியவுடன், "சொல்லு மக்களே" என்றார், எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுப்பவரைப் போல.

என்ன சொல்வது? செத்துப்போவீர்கள் என்று மிரட்டலாம். ஒன்றும் ஆகாது, சும்மா ஒரு சோதனை என்று மழுப்பலாம். இரண்டுமே எனக்கு வாயில் வந்தன. இரண்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை அல்ல. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"அம்மா, பிழை விட்டது நான். உங்கட மருமகள் இல்லை. உள்ளி மணந்தால் போதும் எண்டு நான்தான் சொன்னனான். அது பிழை. அந்தப் பைக்குள்ளை நஞ்சு இலை கலந்து கிடக்குது. உங்கட மாத்திரையோடை சேர்ந்தால் இதயம் மெதுவாகிப் போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாதபடியால்தான் போகச் சொல்லுறன்."

"காலமெல்லாம் கொரலக் கேட்டே வேல பாத்தவ நான்" என்றார். "பொய் சொல்லுற கொரலு எனக்குத் தெரியும். நீ பொய் சொல்லல்ல. சரி, வாறேன்." போனைக் கொடுக்கும் முன், "ஏட்டி ஸ்டெல்லா, என் கண்ணாடிய எடு" என்றது கேட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய நாடி இறங்கத் தொடங்கியிருந்தது. ஆம்புலன்சிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்தாராம். மஞ்சளாக எல்லாம் தெரிகிறது என்றும் சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா வெளிறிப்போய் ஒரு கட்டிலில் கிடந்தாள். வாந்தியோடு அவளுக்குத் தப்பியது. இளம் மருத்துவர் ஒருவர் அந்தப் பையை என்னிடம் நீட்டி, எவ்வளவு கலந்திருக்கிறது என்று கேட்டார். ஒரு சின்ன அறையில், தள்ளுமேசைமேல் தாளை விரித்து, இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு பக்கமாகப் பிரித்தேன். காம்பைப் பார்த்தேன். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ராம்ஸ்லோக்கின் அடிப்பக்கம் மங்கல், மற்றதன் அடிப்பக்கம் மினுங்கும். கால்வாசிக்கு மேல் லில்யெகொன்வால்.

முடிந்தபின் ஒரு காரியம் செய்தேன். பிரித்துவைத்த நஞ்சு இலைகளில் ஒன்றை எடுத்துக் கசக்கி மணந்து பார்த்தேன்.

நல்ல உள்ளி மணம்.

ஒரே பைக்குள் ஓர் இரவும் ஒரு பகலும் கிடந்த இலை. அது மட்டுமில்லை, முதல் ராம்ஸ்லோக் இலையைக் கிள்ளியவுடனேயே கையில் அந்த மணம் ஏறிவிடும். அதன்பிறகு எதைத் தொட்டாலும் உள்ளிதான் மணக்கும். ஸ்டெல்லா நான் சொன்னபடியே செய்திருக்கிறாள். ஒவ்வோர் இலையையும் கசக்கி மணந்துதான் பையில் போட்டேன் என்று பிறகு சொன்னாள். அவள் கவனமில்லாதவள் அல்ல. மிகக் கவனமாக, ஒன்றுவிடாமல், என் பிழையைத் திருப்பித் திருப்பிச் செய்திருக்கிறாள். அந்த அறையில்தான் நான் அழுதேன்.

ரோசம்மாளுக்கு மாற்று மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் கம்பிகளோடு கட்டிலில் கிடந்தார். பெர்கனிலிருந்து வந்த மகன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் நாடி சரியாகி வீட்டுக்கு அனுப்பினார்கள். சாப்பிட்ட பிறகு வழக்கம்போலத் தூங்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார்.

அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலையிலேயே நான் அந்தச் சரிவுக்குத் தனியாகப் போயிருந்தேன். பத்து நாளில் காடு வேறு காடாகியிருந்தது. நான் கடதாசிச் சுருள்களைப் பார்த்துவிட்டுப் போன இடத்தில், இலைகள் முழுவதும் விரிந்து நின்றன. லில்யெகொன்வால் மண்ணுக்குக் கீழே வேரோடிப் பரவும் செடி. வருடம்முழுக்க அங்கேதான் கிடக்கிறது. நாலு நாள் வெயில் அடித்தால் போதும், எழும்பிவிடும். ஓடைக்கரை ஈரமும் மேட்டு நிலமும் சேரும் இடத்தில் இரண்டு செடியும் ஒரு சாண் இடைவெளியில், சில இடங்களில் அதுவுமில்லாமல், தோளோடு தோள் உரசி நின்றன. குனிந்து இரண்டு கையாலும் அள்ளினால் இரண்டும்தான் வரும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் காட்டியது ஒரு சனிக்கிழமையின் காட்டை. அவர்கள் திரும்பிப் போனது இன்னொரு நாளின் காட்டுக்கு. நாம் சொல்லிக்கொடுத்ததை மனிதர்கள் நாம் இல்லாத நேரத்தில்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே அன்று கண்ணில் படாத செடியைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். முக்கியமாக அதைப் பற்றி.

இனி அலுவலகம். என் மேலாளர் நல்ல மனிதர், இன்றும் நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புகிறார். நடந்ததைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அவர் ஏற்கெனவே எழுதியும் வைத்திருந்தார். வாசித்துக் காட்டினார். "தமிழில் நடந்த நடையில் ஏற்பட்ட மொழிப் புரிதல் தவறால்" என்று ஒரு வரி இருந்தது.

"நீங்கள்தானே சாப்பாட்டு மேசையில் சொன்னீர்கள், ஒரு சொல்லுக்கு அவருடைய ஊரில் வேறு பொருள் என்று? பூண்டோ வெங்காயமோ ஏதோ. அதுதான் காரணம் என்றால் யாருக்கும் தொல்லையில்லை" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். உள்ளிக் கதையை நான் எல்லோரையும் சிரிக்கவைக்க அங்கே சொல்லியிருந்தேன். இப்போது அது எனக்கு ஒரு கதவு மாதிரித் திறந்து கிடந்தது. அந்த நடையில் தமிழ் தெரிந்த வேறு அதிகாரி எவரும் இல்லை. நான் ஓம் என்றால் ஓம். என் வேலைக்கு ஒரு கீறலும் விழாது. அந்தக் கதவால் போக எனக்கு ஆசை வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதிப் பிரயோசனமில்லை.

ஆனால் அந்த வரியை இன்னொரு தடவை மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். அது ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்கிறது, விளங்கிக்கொள்ளாதவள் என்று. பத்து வருடம் கழித்து யாராவது கோப்பை எடுத்தால், தமிழில் நடை வைத்தால் இப்படித்தான் குழப்பம் வரும் என்று படிப்பார்கள். விளங்காதவர் எவரும் அங்கே இருக்கவில்லை. சொல்லின் பொருள் அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது. விளங்கியதால்தான் அது நடந்தது.

"அவருக்கு நன்றாக விளங்கியது. நான் சொன்னதுதான் பிழை" என்றேன். "வழிகாட்டி போதாத அடையாளத்தைப் போதும் என்று சொன்னார் என்று எழுதுங்கள்."

"அப்படி எழுதினால் நான் உங்களை இந்த வருடம் நடைகளுக்கு அனுப்ப முடியாது."

"தெரியும்" என்றேன். குரல் திடமாக வந்ததாக இப்போது நினைக்கிறேன். அப்போது எப்படி வந்ததோ தெரியாது.

அவர் வரியை மாற்றினார். அந்தக் கோடை முழுக்க நான் மேசையில் உட்கார்ந்து பாதைப் பலகைகளுக்கு வாசகம் திருத்தினேன். வெளியே எல்லாம் பூத்துக் காய்த்துப் போனது. மனம் கசந்துதான் இருந்தது. உண்மை பேசினால் மனம் இலேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இலேசாகவில்லை. ஆனால் அடுத்த வசந்தத்தில் தமிழ் நடையை நிறுத்த வேண்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை. பிழை மொழியில் இல்லை என்பது கோப்பிலேயே இருந்தது. இப்போது நீங்கள் அந்த நடைக்குப் போகிறீர்கள்.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு குழுவையும் ஒரே இடத்துக்கு இரண்டு தடவை கூட்டிப்போனேன், இரண்டு வார இடைவெளியில். முதல் தடவை யாரையும் ஓர் இலை பறிக்க விட்டதில்லை. சிலருக்குக் கோபம் வந்தது. வரட்டும். சமைக்கும் இலை என்றால் மணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். காம்பைப் பிடித்துக் கீழே நிலம்வரை போய்ப் பார்க்கப் பழக்குங்கள். 'பிழை வராது' என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் எண்ணைக் கொடுங்கள். கூப்பிட்டால் எடுங்கள். எடுத்ததும், தெரிந்ததையும் பயப்படுவதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

நடைகளுக்குப் போகாமல் மேசையில் இருந்த அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா கூப்பிட்டாள். அத்தை ஊருக்குத் திரும்பும் முன் அந்தச் செடியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார் என்றாள். எனக்குப் போக மனமில்லை. இருந்தும் போனேன். மகன்தான் காரில் கூட்டிவந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். பிறகு தாயின் கையைப் பிடித்துச் சரிவில் ஏற உதவினார். நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.

மேட்டில் எல்லாம் பூத்திருந்தது. ஒவ்வொரு சோடி இலைக்கும் நடுவிலிருந்து ஒரு காம்பு, அதில் வரிசையாக வெள்ளை மணிகள். நாங்கள் கிட்டப் போகுமுன்பே வாசனை வந்தது. ரோசம்மாள் அந்த இடத்தில் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெகுநேரம் பார்த்தார். பிறகு கைத்தடியின் நுனியால் ஒரு செடியின் அடியை மெதுவாக விலக்கினார்.

"ரெண்டு எல, ஒரே தண்டு" என்றார். "இவந்தான்."

"ஓம் அம்மா."

"தொடலாமா?"

"தொடலாம். பிறகு கையைக் கழுவ வேணும்."

மகனின் தோளைப் பிடித்துக் குனிந்து, ஒரு விரலால் பூவை நிமிர்த்தி மணந்தார். நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்துட்டுப் போக வேண்டியத நாம பறிச்சுத் துவரன் வச்சிட்டோம்" என்றார்.

ஸ்டெல்லாவும் மகனும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோசம்மாள் அதைப் பார்த்தார். என் கையை எடுத்துத் தன் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, "வா மக்களே, எறக்கத்துல நீதான் என்னப் பிடிக்கணும்" என்றார். பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, இருவருமாக இறங்கினோம்.